நீச்சல் வீரர்களின் தோள், முட்டி, முதுகு வலி: பாண்டி, கடலூர் பெற்றோரும் பிள்ளைகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் புதுச்சேரியில் பிசியோதெரபிஸ்ட். பிறந்து வளர்ந்தது கடலூர். பள்ளி நாட்களில் நானும் போட்டி நீச்சலில் இருந்தவள். இப்போது என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் குளத்திலிருந்து நேராக, தலைமுடியில் குளோரின் வாசனையோடு வருகிறார்கள். அவர்களும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும். தோளைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன், ஏனென்றால் அங்கேதான் பிள்ளைகள் அதிகம் அவதிப்படுகிறார்கள்.

தண்ணீரில்தானே நீந்துகிறார்கள்? விழுந்து அடிபட வழியே இல்லையே, காயம் எப்படி வரும்?

விழுந்து வரும் காயம் குறைவுதான். இது தேய்மானத்தில் வரும் காயம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 மீட்டர் குளத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக உங்கள் பிள்ளை 20 தடவை கை வீசுகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கைக்கு 10. ஒரு நாளைக்கு 3 கிலோமீட்டர் என்றால் 120 தடவை குளத்தைக் கடக்க வேண்டும். ஒரு தோள் 1200 முறை சுழல்கிறது. வாரத்துக்கு 6 நாள் என்றால் 7200 முறை. கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசும் பையன் ஒரு நாளில் எத்தனை பந்து போடுகிறான் என்று எண்ணுகிறோம், அளவு வைக்கிறோம். நீச்சல் பிள்ளையின் தோளுக்கு அப்படி யாரும் எண்ணுவதில்லை.

ஓட்டத்தில் கால்தான் உடம்பைத் தள்ளும். ஃப்ரீஸ்டைல் நீச்சலில் முன்னே இழுத்துக்கொண்டு போவதில் பெரும்பங்கு கைகளுக்கு. உடம்பிலேயே அதிகம் அசையக்கூடிய, அதனாலேயே பிடிமானம் குறைந்த மூட்டான தோள் அந்த வேலையைச் செய்கிறது. கென்னடி, ஹாக்கின்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1974-லேயே இதற்கு 'நீச்சல்காரர் தோள்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

தோள் வலிக்கிறது என்றால் உள்ளே என்னதான் நடக்கிறது?

தோள் மூட்டு ஒரு கிண்ணத்தில் வைத்த பந்து மாதிரி என்பார்கள். உண்மையில் கிண்ணம் மிகவும் ஆழம் குறைந்தது, தாம்பாளம் என்றே சொல்லலாம். பந்து நழுவாமல் பிடித்துக்கொள்பவை ரொட்டேட்டர் கஃப் என்ற நான்கு சின்னத் தசைகளும், அவற்றை எலும்போடு கட்டும் நாண்களும். அந்தத் தாம்பாளமே முதுகில் இருக்கும் இறக்கை எலும்பின் ஒரு பகுதி. ஆகவே கை தலைக்கு மேலே போகும்போதெல்லாம் இறக்கை எலும்பும் கூடவே திரும்பி வழிவிட வேண்டும்.

பயிற்சியின் முதல் அரைமணி நேரம் இதெல்லாம் ஒழுங்காக நடக்கும். பிறகு இறக்கை எலும்பைப் பிடித்திருக்கும் தசைகள் களைத்துப்போகின்றன, எலும்பு தாமதமாகத் திரும்புகிறது. மேலே இருக்கும் சுப்ராஸ்பைனேட்டஸ் என்ற தசையின் நாண் ஒவ்வொரு வீச்சிலும் கொஞ்சம் கூடுதலாகச் சுமக்கிறது, கொஞ்சம் உரசுகிறது. ஒரு நாளில் ஒன்றும் ஆகாது. இரவுத் தூக்கத்தில் சரியாவதைவிட மறுநாள் அதிகமாகக் கெட்டுப்போனால், சில வாரங்களில் நாண் தடித்து வலிக்க ஆரம்பிக்கும்.

13 முதல் 25 வயது வரையிலான 80 முன்னணி நீச்சல் வீரர்களைப் பரிசோதித்து 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், 91 சதவீதம் பேர் தோள் வலி இருப்பதாகச் சொன்னார்கள். ஸ்கேன் எடுத்த 52 பேரில் 36 பேருக்கு அந்த நாண் கெட்டிருந்தது. வாரத்துக்கு 15 மணி நேரத்துக்கு மேல், அல்லது 35 கிலோமீட்டருக்கு மேல் நீந்தியவர்களுக்கு ஆபத்து கூடியிருந்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் அந்தத் தூரத்தைத் தொடுவதில்லை. ஆனால் கோடை முகாமில் காலை, மாலை என்று இரண்டு வேளை போட்டு, திடீரென அந்தப் பக்கம் போகிறவர்கள் உண்டு.

பயிற்சி செய்தால் உடம்பு வலிக்கத்தானே செய்யும்? காயம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தசை வலி பரவலாக இருக்கும். இரண்டு பக்கமும் இருக்கும். இரண்டு நாளில் போய்விடும். உள்ளங்கையால் தேய்த்துக் காட்டுவார்கள். காயத்தின் வலியை ஒரு விரலால் தொட்டுக் காட்டுவார்கள். பெரும்பாலும் ஒரு பக்கம். அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் ராத்திரி எழுப்பும்.

குளத்தோரம் நிற்கும்போது நான் ஒன்றைப் பார்ப்பேன்: பயிற்சி முடிந்து பிள்ளைகள் டி-ஷர்ட் போடுவதை. ஈர உடம்பில் சட்டை ஒட்டும், கையை உயர்த்தி இழுத்துத்தான் போட வேண்டும். சென்ற ஆண்டு 13 வயதுப் பையன் ஒருவன் வலது கையை முதலில் சட்டைக்குள் நுழைத்து, அதைத் தூக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, இடது கையாலேயே முழுச் சட்டையையும் தலைக்கு மேல் கொண்டுபோய் இறக்கினான். எவ்வளவு பழகியிருந்தால் அப்படிச் சரளமாகச் செய்ய முடியும்! எத்தனை நாளாக வலி என்று கேட்டேன். "வலியே இல்ல மேடம்" என்றான். அவன் அம்மா பக்கத்தில்தான் நின்றிருந்தார். கையைத் தூக்கச் சொன்னேன். பாதி வரை வந்தது, பிறகு தோளைக் காது வரை உயர்த்தி மீதியைச் சமாளித்தான். முதலில் இல்லவே இல்லை என்ற வலி நான்கு நாள் வலியாகி, பேசப் பேச நான்கு மாத வலியாக மாறியது.

வீட்டில் நீங்களும் கவனியுங்கள். தலைவாரும் கை மாறுகிறதா, புத்தகப் பையை எப்போதும் ஒரே தோளில் மாட்டுகிறானா, பரணில் இருப்பதை எடுக்கச் சொன்னால் எந்தக் கை போகிறது?

கோச்சிடம் சொன்னால் போட்டியிலிருந்து எடுத்துவிடுவார் என்று மகள் பயப்படுகிறாள். என்ன செய்வது?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத ஆரம்பித்தேன்.

பதினொன்றாம் வகுப்பில் எனக்கு இடது தோள் வலித்தது. அப்போது பயிற்சி கொடுத்தவரிடம் ஒருமுறை சொன்னேன். "சூடு ஏறினா போயிடும், இன்னும் பத்து லேப் போடு" என்றார். சூடு ஏறியதும் உண்மையாகவே போய்விட்டது, அதனால் அவர் சொன்னதை நம்பினேன். ராத்திரி திரும்ப வந்தது. இரண்டாவது முறை நான் சொல்லவில்லை. எட்டு மாதம் கழித்துத் தட்டில் சோறு எடுத்து வாயில் வைப்பதே வலித்தபோதுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. அதோடு என் போட்டி நீச்சல் முடிந்தது. அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் அப்படித்தான் யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

நாண் வலி ஆரம்பத்தில் இப்படித்தான் ஏமாற்றும். முதலில் பயிற்சிக்குப் பிறகு மட்டும் வலிக்கும். அடுத்து, தொடங்கும்போது வலித்து நடுவில் மறைந்து முடிந்ததும் திரும்ப வரும். அதற்கு அடுத்து, முழுப் பயிற்சியிலும் வலிக்கும். கடைசியில் சும்மா இருக்கும்போதும் வலிக்கும். முதல் கட்டத்தில் வருகிறவர்களை நான் அனேகமாகத் தண்ணீரை விட்டு வெளியே எடுப்பதே இல்லை. தூரத்தைக் குறைத்து, கையில் மாட்டும் பேடிலை எடுத்துவிட்டு, இரண்டு கைகளையும் ஒன்றாக வீசும் பட்டர்ஃபிளையை நிறுத்திவைத்து, உதைப் பயிற்சியைக் கூட்டினால் போதும். மூன்றாம் கட்டத்தில் வருகிறவர்களுக்கு மாதக்கணக்கு ஆகிறது. இதை மகளிடம் சொல்லுங்கள். கோச்சிடம் நீங்களே போய்ப் பேசுங்கள், பிள்ளையை அனுப்பாதீர்கள். எனக்குத் தெரிந்த கோச்சுகள் பலர், விஷயம் தெரிந்தால் அட்டவணையை மாற்றத் தயாராகத்தான் இருக்கிறார்கள்.

கை போடும் விதத்தில் தவறு இருந்தால் வலி வருமா?

வரும். குளத்தின் முனையில் நின்று, பிள்ளை உங்களை நோக்கி நீந்தி வரும்போது செல்போனில் ஒரு நிமிடம் படம் எடுங்கள். மூன்று விஷயங்களைப் பாருங்கள். கை தண்ணீருக்குள் நுழையும்போது கட்டைவிரல் முதலில் குத்துகிறதா? அப்படி நுழைந்தால் தோள் உள்பக்கமாக முறுகிய நிலையில் இழுக்கத் தொடங்குகிறது. விரல்நுனிகள் சேர்ந்து, உள்ளங்கை கீழே பார்த்தபடி நுழைவது நல்லது. அடுத்து, கை தலையின் நடுக்கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போகிறதா? தோளுக்கு நேராக நுழைய வேண்டும். மூன்றாவது, உடம்பு இருபுறமும் உருள்கிறதா, அல்லது பலகை மாதிரி தட்டையாக வருகிறதா? உருளாவிட்டால் கையைத் தண்ணீருக்கு வெளியே கொண்டுவரும் முழு வேலையும் தோளின் தலையில் விழும்.

ஒரே பக்கம் மூச்செடுக்கும் பிள்ளைகளுக்கு உருளலும் ஒரு பக்கமே இருக்கும். மூன்று வீச்சுக்கு ஒருமுறை மூச்சு என்று பழக்கினால் இரண்டு பக்கமும் சமமாகும்.

தோள் வலி உள்ளவர்களை "சரி, கிக் மட்டும் அடி" என்று பலகையைக் கொடுத்து அனுப்புவார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் கிக் போர்டை நீட்டிப் பிடிப்பது என்பது வலிக்கும் தோளை மேலே தூக்கி, அதன்மேல் எடையும் வைப்பது. பலகை இல்லாமல், கைகளை உடம்போடு வைத்து மல்லாந்து கிக் அடிக்கச் சொல்லுங்கள்.

ஜோடி ஜோடியாக நின்று ஒருவர் கைகளை மற்றவர் பின்னால் இழுத்து விடுகிறார்கள். நல்லதா?

வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. நீச்சல்காரர்களின் தோள் ஏற்கெனவே முன்பக்கம் தளர்ந்திருக்கும். பின்னாலிருந்து இழுப்பது தசையை நீட்டுவதில்லை, மூட்டைப் பிடித்திருக்கும் முன்பக்க உறையைத்தான் நீட்டுகிறது. முழங்கைகள் பின்னால் ஒன்றையொன்று தொடுவதைப் பெருமையாகக் காட்டும் பிள்ளைகள்தான் பிறகு என்னிடம் அதிகம் வருகிறார்கள். தண்ணீரில் இறங்கும் முன் பத்து நிமிடம் கை சுற்றுவது, குதிப்பது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது என்று உடம்பைச் சூடாக்கினால் போதும்.

எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாமா?

முதல் வேலையாக வேண்டாம். வலியே இல்லாத நீச்சல்காரர்களின் தோளிலும் ஸ்கேனில் மாற்றங்கள் தெரியும். அறிக்கையில் 'கிழிசல்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே வந்த பெற்றோரைப் பார்த்திருக்கிறேன், அந்தப் பிள்ளை ஆறு வாரப் பயிற்சியில் சரியானது. மூட்டு நழுவிய அனுபவம், கையைத் தூக்கவே முடியாத பலவீனம், ஓய்விலும் குறையாத ராத்திரி வலி, காய்ச்சலோடு மூட்டு வீக்கம், மரத்துப்போதல் இருந்தால் எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். ஜிப்மரிலும் கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலும் அந்தப் பிரிவு இருக்கிறது. ஸ்கேன் வேண்டுமா என்று அவர் முடிவு செய்வார்.

தோள் வலி கழுத்திலிருந்து வருமா?

வரும், பலர் இதைத் தவறவிடுகிறார்கள். கழுத்து எலும்புகளுக்கு இடையில் இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தினால் வலி தோளிலும் கையிலும் தெரியும். கழுத்தைத் திருப்பும்போது கை வலி கூடினால், விரல்கள் மரத்தால், பிடி தளர்ந்தால் கழுத்தைப் பார்க்க வேண்டும்.

நம் பக்கத்து நெய்வேலியில் வளர்ந்து, அங்கே நீச்சல் பழகிய சஜன் பிரகாஷின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வேன். தடகள வீராங்கனையான அவர் அம்மா சாந்திமோளுக்கு என்.எல்.சி.யில் வேலை. சஜன் 2016 ரியோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டர்ஃபிளை நீந்தினார். அதற்குப் பிறகு கழுத்து டிஸ்க் பிதுங்கி மாதக்கணக்கில் அவதிப்பட்டார். 2021 ஜூனில் ரோம் நகரில் அதே 200 மீட்டரை 1 நிமிடம் 56.38 விநாடியில் முடித்தார். டோக்கியோ ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதியான 'ஏ' நேரம் 1:56.48 ஆக இருந்தது. அதைத் தொட்ட முதல் இந்திய நீச்சல் வீரர் அவர். காயம் வந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கும் பிள்ளைக்கு, என்.எல்.சி. குளத்திலிருந்து ரோம் வரை போன இந்தப் பயணத்தில் நிறைய இருக்கிறது.

பிரெஸ்ட் ஸ்ட்ரோக் அடிக்கும் மகனுக்கு முட்டியின் உள்பக்கம் வலி. ஏன்?

மனித முட்டி முன்னும் பின்னும் மடங்கத்தான் வடிவமைக்கப்பட்டது. தவளை மாதிரி நீந்தும் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கின் உதையிலோ, முழங்கால் மடங்கி, பாதம் வெளியே திரும்பி, கால் சாட்டை மாதிரி சுழன்று மூடுகிறது. ஒவ்வோர் உதையிலும் முட்டியின் உள்பக்க ஜவ்வு இழுபடுகிறது. முட்டியின் சிப்பியைச் சுற்றியும் வலிக்கலாம்.

பெரும்பாலும் இடுப்பு மூட்டு போதுமான அளவு உள்பக்கம் திரும்பாததுதான் காரணம். இடுப்பு தராத திருப்பத்தை முட்டியிலிருந்து பிடுங்குகிறார்கள். மகனைக் குப்புறப் படுக்க வைத்து, முட்டிகளைச் சேர்த்து மடக்கி, பாதங்களை வெளிப்பக்கம் விழ விடுங்கள். ஒரு பக்கம் குறைவாக விழுந்தால் அந்தப் பக்க இடுப்பில் வேலை இருக்கிறது. முட்டிகளை மிகவும் அகட்டினாலும் மிகவும் ஒட்டினாலும் வலி கூடும். இரண்டு மூன்று வாரம் உதையின் எண்ணிக்கையைக் குறைத்து, மற்ற ஸ்ட்ரோக்குகளில் தூரத்தை ஈடுகட்டலாம். முட்டி வீங்கினால் அல்லது பூட்டிக்கொண்டால் உடனே காட்டுங்கள்.

பட்டர்ஃபிளை அடிக்கும் பெண்ணுக்குக் கீழ்முதுகு வலி. சாதாரணமா?

பட்டர்ஃபிளையிலும் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கிலும் ஒவ்வொரு மூச்சுக்கும் கீழ்முதுகு பின்னால் வளைகிறது. வளரும் வயதில் இந்த வளைவு திரும்பத் திரும்ப நடந்தால் முதுகெலும்பின் பின்பகுதியில் மயிரிழை விரிசல் விழலாம். பதின்ம வயதுப் பிள்ளைக்கு, பின்னால் வளையும்போது கூடும் கீழ்முதுகு வலி மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால், அதைப் பிடிப்பு என்று விட்டுவிடாதீர்கள். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் விரிசல் பெரும்பாலும் ஆறக்கூடியது.

டிஸ்க்கும் பாதிக்கப்படும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், முன்னணி வீரர்கள் 56 பேரில் 38 பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. பொழுதுபோக்காக நீந்துகிறவர்கள் 38 பேரில் 11 பேருக்குத்தான் இருந்தது.

எனக்கு 45 வயது. முதுகு வலிக்கு நீந்தச் சொன்னார் டாக்டர். நீந்தினால் கூடுகிறதே?

நீங்கள் எப்படி நீந்துகிறீர்கள்? தலையைத் தண்ணீருக்கு மேலேயே தூக்கி வைத்து, தவளை மாதிரி கால் உதைத்துக்கொண்டு போகிறீர்கள் என்றால் பதில் அங்கேயே இருக்கிறது. தலை மேலே போனால் இடுப்பு கீழே போகும், கழுத்தும் கீழ்முதுகும் முழு நேரமும் பின்னால் வளைந்தே இருக்கும். முகத்தைத் தண்ணீரில் வைத்து மூச்சு விடப் பழகுங்கள். அதுவரை மல்லாந்து நீந்துங்கள், அல்லது மார்பளவுத் தண்ணீரில் வேகமாக நடங்கள். நடப்பதும் நல்ல பயிற்சிதான்.

வாட்டர் போலோ, டைவிங் பிள்ளைகளுக்கும் இதே காயங்கள்தானா?

தோள் எல்லாருக்கும் பொது. மற்றபடி வித்தியாசம் உண்டு.

வாட்டர் போலோவில் தரையைத் தொடாமல் கால்களை மாற்றி மாற்றிச் சுழற்றி உடம்பை மேலே நிறுத்துவார்கள், முட்டை அடிப்பது மாதிரி. அது முட்டியின் உள்பக்கத்தையும் இடுப்பையும் தாக்கும். காலூன்ற இடமில்லாமல் பந்து எறிவதால் எறியும் வேகம் முழுவதும் தோளிலிருந்து வர வேண்டும். பந்தைத் தடுக்கும் விரல்கள் சுளுக்கும், எதிராளியின் முழங்கை முகத்தில் படும்.

10 மீட்டர் மேடையிலிருந்து குதிக்கும் டைவர் தண்ணீரைத் தொடும்போது மணிக்கு சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறார். அதை முதலில் வாங்குவது விரித்து வைத்த உள்ளங்கை. மணிக்கட்டு, முழங்கை, தோள், கழுத்து, கீழ்முதுகு என்று வரிசையாக அதிர்வு இறங்கும். மணிக்கட்டு வலியை டைவர்கள் பெரிதாகச் சொல்லவே மாட்டார்கள், கேட்டு வாங்க வேண்டும்.

இசைக்கேற்பத் தண்ணீரில் ஆடும் ஆர்டிஸ்டிக் ஸ்விம்மிங்கில் முட்டி, முதுகோடு தலையில் அடிபடுவதும் உண்டு. ஒருவர் கால் மற்றவர் தலையில் படும் தூரத்தில்தான் ஆடுகிறார்கள். அடிபட்ட பிறகு தலைசுற்றல், குமட்டல், மந்தம் இருந்தால் அன்றைக்குத் தண்ணீரில் இறக்கவே கூடாது.

ஆழமில்லாத பக்கத்தில் பிள்ளைகள் தலைகீழாகக் குதிக்கிறார்கள். பயப்பட வேண்டுமா?

பயப்பட வேண்டும். நான் இங்கே எழுதியிருக்கும் காயங்களில் உயிருக்கே அதிக ஆபத்தானது இதுதான். சர்வதேச விதிப்படி, போட்டி தொடங்கும்போது ஏறி நின்று குதிக்கும் மேடை (ஸ்டார்ட்டிங் பிளாக்) வைத்த முனையில் சுவரிலிருந்து 1 மீட்டர் முதல் 6 மீட்டர் வரை குறைந்தது 1.35 மீட்டர் ஆழம் வேண்டும். அதுவும் டைவ் அடிக்கப் பழகியவர்களுக்கு. கடலூர் தேவனாம்பட்டினம் கடலில் அலைக்குள் பாய்ந்து பழகிய பிள்ளைகள் குளத்திலும் அப்படியே பாய்வார்கள். சிமென்ட் தரை மணல் மாதிரி இடம் கொடுக்காது.

குதித்தவர் எழும்பி வந்து கழுத்து வலிக்கிறது, கை கால் மரக்கிறது என்றால் தூக்கி வெளியே போடாதீர்கள். மூச்சுவிடுகிறார் என்றால் தண்ணீரிலேயே மல்லாக்க மிதக்க விட்டு, தலையும் உடம்பும் ஒரே கோட்டில் இருக்கும்படி இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். மூச்சில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. தலையை அசைக்காமல் உடனே வெளியே எடுத்து மூச்சு கொடுங்கள், நெஞ்சை அழுத்துங்கள்.

எண்ணெய் போட்டு நீவி விடலாமா? ஐஸா, வெந்நீர் ஒத்தடமா?

தசைப்பிடிப்புக்கு இதமாக நீவி விடுவது நல்லது, பாட்டி கை பட்டாலே பாதி வலி போகும். 'சுளுக்கு எடுக்கிறேன்' என்று தோளைத் திருகி இழுப்பது வேண்டாம். ஏற்கெனவே தளர்ந்த மூட்டு மேலும் தளரும். புதிதாக அடிபட்ட இடத்துக்கும், பயிற்சி முடிந்து சுடும் தோளுக்கும் துணியில் சுற்றிய ஐஸ் 10 முதல் 15 நிமிடம். இறுகிய கழுத்துக்கும் முதுகுக்கும் வெந்நீர் ஒத்தடம். இரண்டுமே வலியைத் தணிக்கும். காயத்தை ஆற்றுவது பயிற்சிதான்.

போட்டி அன்று வலி மாத்திரையோ ஊசியோ போட்டு இறக்கலாமா?

மாத்திரை போட்டு நீந்தினால் வலி மறையும், நாண் கெடுவது நிற்காது. நிறுத்தச் சொல்லும் மணியை மட்டும் கழற்றிவிடுகிறீர்கள். மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். மூட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசி பற்றி இன்னொன்றும் தெரிய வேண்டும். உலக ஊக்கமருந்து எதிர்ப்பு முகமை 2022 ஜனவரி 1 முதல், போட்டிக் காலத்தில் எந்த வகையான ஸ்டீராய்டு ஊசியையும் தடைசெய்திருக்கிறது. தேசிய, மாநில அளவில் நீந்தும் பிள்ளைக்கு ஊசி போடுவதற்கு முன் 'இவள் போட்டியாளர்' என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் என்ன பயிற்சி செய்யலாம்?

சைக்கிள் கடையில் பழைய டியூப் கேளுங்கள், பெரும்பாலும் சும்மாவே கொடுப்பார்கள். நீளவாக்கில் வெட்டி, கழுவி, ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். விரிசல் இருந்தால் தூக்கிப்போடுங்கள், அறுந்து கண்ணில் அடிக்கும்.

சுருட்டிய துண்டை அக்குளில் இடுக்கி, முழங்கையை மடக்கி, டியூப்பை வயிற்றுப் பக்கத்திலிருந்து வெளியே இழுக்க வேண்டும். துண்டு விழக் கூடாது. மெதுவாக, 15 முறை, மூன்று சுற்று. அடுத்து, இரண்டு கையாலும் டியூப்பைப் பிடித்து, துடுப்புப் போடுவது மாதிரி பின்னால் இழுத்து, இறக்கை எலும்புகள் இரண்டையும் நடுவில் சேர்க்க வேண்டும். மூன்றாவது, சுவரில் கைவைத்துத் தண்டால். கை நீண்டதும் நிறுத்தாமல், முதுகு கொஞ்சம் கூனும் வரை இன்னும் தள்ளுங்கள். அந்தக் கடைசித் தள்ளல்தான் மருந்து.

செய்யும்போது உங்கள் உள்ளங்கையைப் பிள்ளையின் முதுகில், இறக்கை எலும்பின் மேல் வையுங்கள். எலும்பு விளிம்பு உங்கள் கையை முட்டி எழும்பினால் தசை களைத்துவிட்டது. அந்தச் சுற்றை அங்கேயே நிறுத்துங்கள், எண்ணிக்கை முடியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் போதும். வலியைப் பத்துக்கு மார்க் போடச் சொல்லுங்கள். மூன்று வரை இருந்து மறுநாள் காலையில் அடங்கினால் தொடரலாம்.

நீச்சல் அடிக்கும் பெண் பிள்ளைக்கு எலும்பு பலமாகத்தானே இருக்கும்?

தசை பலமாகும், இதயம் பலமாகும். எலும்பு எடை தாங்கினால்தான் பலமாகும், தண்ணீரோ எடையைத் தானே வாங்கிக்கொள்கிறது. ஆகவே வாரத்தில் மூன்று நாளாவது ஸ்கிப்பிங், ஓட்டம், படியேறுதல் என்று தரையில் ஏதாவது இருக்க வேண்டும். கேழ்வரகு, பால், மீன், முட்டை தாராளமாகக் கொடுங்கள். மூன்று மாதம் தொடர்ந்து மாதவிலக்கு நின்றால் 'பயிற்சியால்தான், நல்லதுதான்' என்று இருக்காதீர்கள். உழைப்புக்குத் தக்க சாப்பாடு இல்லை என்று உடம்பு சொல்வதாக இருக்கலாம், எலும்பு விரிசலுக்கு முன்னோடியும் அதுவே. மகளிர் மருத்துவரைப் பாருங்கள்.

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்காக மூன்று மாதம் நிறுத்தியிருந்தாள். ஏப்ரலில் முகாம் தொடங்குகிறது. நேராகச் சேர்க்கலாமா?

என்னிடம் தோள் வலியோடு அதிகம் பேர் வருவது மே மாதத்தில். அடுத்து, ஐப்பசி, கார்த்திகை மழையில் பயிற்சி விட்டுப்போய்த் திரும்பத் தொடங்கும் தை மாதத்தில். மூச்சு சீக்கிரம் பழைய நிலைக்கு வந்துவிடும், நாணுக்கு அதைவிட அதிக காலம் வேண்டும். மூச்சு ஒத்துழைக்கிறதே என்று பிள்ளை பழைய தூரத்தை நீந்திவிடுகிறாள்.

பரீட்சை நாட்களிலேயே டியூப் பயிற்சியைத் தொடங்கிவிடுங்கள், ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் படிப்பைக் கெடுக்காது. முதல் வாரம், நிறுத்துவதற்கு முன் நீந்திய தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஒரு நாள் விட்டு ஒரு நாள். இரண்டாம் வாரம் பாதி. பிறகு வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஆறாவது வாரத்தில் பழைய தூரம். பேடிலும் பட்டர்ஃபிளையும் நான்காவது வாரத்துக்குப் பிறகு. முகாமில் இரண்டு வேளை வைத்திருந்தால் முதல் மாதம் காலை வேளைக்கு மட்டும் அனுப்புங்கள். சேர்க்கும் அன்றைக்கே இந்த அட்டவணையை ஒரு தாளில் எழுதி கோச் கையில் கொடுத்துவிடுங்கள், ஒரு பிரதியைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள்.